நுனியை நம்பாதீங்க!

குரோம்பேட்டையில ஆரம்பிச்சு தாம்பரம், வண்டலூர்னு ஜி.எஸ்.டி. ரோடு நெடுக எத்தனை இன்ஜினீயரிங் காலேஜ்! எல்லா மெட்ராலஜி லேப்லயும் ஒரு வெர்னியர் காலிப்பர் தூங்கிட்டிருக்கும். 'நீளத்தை அளந்து என்னத்தக் கிழிக்கப் போறோம்?'னு கேக்கற மக்களே, வாங்க... ஒரு ரைஃபிள் குண்டை அளந்து பார்ப்போம்.

துப்பாக்கி சுடுதல்ல மில்லிமீட்டரே பெரிய தூரம். கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில தங்கம் ஜெயிச்சது 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல. அந்த இலக்கோட நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ.!

நூத்துக்கணக்கான மீட்டர் தள்ளிச் சுடற போட்டின்னா? அமெரிக்கா மாதிரி நாடுகள்ல பல வீரர்கள் தோட்டாவைத் தாங்களே தயார் பண்ணிக்கறாங்க. (நம்ம ஊர்ல ஆசைப்படாதீங்க. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா கம்பி எண்ணணும்!) ஒரு பெட்டியில இருக்கற குண்டெல்லாம் ஒரே அளவானு அளந்து பிரிக்கறதும் அந்த வேலையில உண்டு.

இங்கதான் ட்விஸ்ட். அடியிலேருந்து நுனி வரைக்கும் அளந்தா, ஆளுக்கொரு நீளம் காட்டும். போட்டிக்கான பல குண்டுகள்ல உலோக உறையை நுனியிலதான் குவிச்சு முடிப்பாங்க. அந்த வாய் சீரா இருக்காது. ஆனா, குழலுக்குள்ள இருக்கற வரிகளை குண்டு முதல்ல தொடறது நுனியால இல்ல. மூக்கு வளைவு முழு அகலத்தை நெருங்கற இடத்தால. அந்த இடம் முன்னபின்ன ஆனா உள்ள அழுத்தம் மாறும், வேகம் மாறும். அதனால கிட்டத்தட்ட குழலோட விட்டத்துக்குத் துளை போட்ட ஒரு கட்டையை காலிப்பர்ல மாட்டி, அடியிலேருந்து அந்த இடம் வரைக்கும் அளக்கறாங்க. பேரு, கம்பேரேட்டர்.

இன்னொண்ணு... ஒரே குண்டை அஞ்சு தடவை அளந்து பாருங்க. அதுலயே 0.02 மி.மீ. ஆடுதுன்னா, ரெண்டு குண்டுக்கு நடுவுல வர்ற 0.02 வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்ல.

ரெக்கார்டு நோட்ல அஞ்சு ரீடிங்கும் அச்சடிச்ச மாதிரி இருந்தா சைன் சீக்கிரம் கிடைக்கும்தான். ஆனா உங்க கை எவ்வளவு ஆடுதுன்னு சொல்ற ஒரே சாட்சியும் அதோட காலி! நாளைக்கு ஒரகடத்துலயோ மறைமலை நகர்லயோ குவாலிட்டி செக்ஷன்ல உக்காரும்போது, உங்க காலிப்பர் வாயில இருக்கறது யாரோ ஒருத்தர் வண்டியோட பிரேக் பார்ட்டா இருக்கலாம்.

அளக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க பாஸ்: இது எங்க தொட்டு வேலை செய்யுது?