மருந்தின் விலையை யார் எழுதுகிறார்கள்?

காய்ச்சலுக்கு மருந்து வாங்குகிறவர் விலையைப் பார்த்து ஒரு நாள் முகம் சுளிப்பார், பிறகு மறந்துவிடுவார். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் என்று வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டியவர்களுக்கு மறக்க வழியில்லை. மாதம் பிறந்தால் மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்க வேண்டும். கையில் பணம் குறைந்தால் முப்பது நாள் மாத்திரையைப் பதினைந்து நாளுக்கு வாங்குவார்கள். இரண்டு வேளையை ஒரு வேளையாக்குவார்கள். நோய் முற்றுவது பெரும்பாலும் இப்படித்தான்.

‘இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்பார்கள் சிலர். அரசுக் காப்பீடானாலும் தனியார் காப்பீடானாலும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் கைகொடுக்கும். வீட்டிலிருந்தபடி மாதாமாதம் வாங்கும் மாத்திரை அநேகமாக அதற்குள் வராது. 2021-22-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்தே கொடுத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி மருந்துக்குப் போகிறது.

மருந்து ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால், தயாரிக்க அவ்வளவு செலவாகிறது என்ற பதில்தான் முதலில் வரும். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க இமாட்டினிப் என்ற மருந்தின் கதையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கதையின் முக்கியமான திருப்பங்கள் சிலவற்றை சென்னை கண்டிருக்கிறது.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்றால் ஒரு காலத்தில் ஆயுளைச் சில ஆண்டுகளாக எண்ண வேண்டியிருந்தது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் அதை மாற்றியது. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம், பிள்ளைகளை வளர்க்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் அதை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். நோவார்ட்டிஸ் நிறுவனம் ‘கிளிவெக்’ என்ற பெயரில் விற்ற இந்த மருந்துக்கு இந்தியாவில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. அதே மூலக்கூறை இந்திய நிறுவனங்கள் மாதம் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தந்தன. அவர்களும் அதைத் தருமத்துக்குக் கொடுக்கவில்லை, வியாபாரமாகத்தான் விற்றார்கள்.

இந்தப் பெரிய இடைவெளிக்குக் காரணம் தொழிற்சாலையில் இல்லை, சட்டத்தில் இருந்தது. மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும் காப்புரிமை, மருந்துப் பொருளுக்கே கிடையாது என்பது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் ஏற்பாடு. அதற்கு அடித்தளம் போட்டது 1959-இல் வெளியான ஓர் அறிக்கை. எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலும் பிறகு உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்த என்.ராஜகோபால அய்யங்கார். ஒரே மருந்தை வேறு முறையில் செய்ய இந்திய நிறுவனங்களுக்கு வழி திறந்ததால்தான் இங்கே மருந்துத் தொழில் வளர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தால் 2005 முதல் பொருளுக்கும் காப்புரிமை தர வேண்டியதாயிற்று. அப்போது நாடாளுமன்றம் 3(டி) என்ற பிரிவைத் திருத்தி எழுதியது. ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால், அது நோயைக் குணப்படுத்துவதில் கூடுதல் பலன் தருகிறது என்று காட்ட வேண்டும்.

நோவார்ட்டிஸ் 1998-இல் விண்ணப்பித்தது இமாட்டினிப் மெசிலேட்டின் ஒரு படிக வடிவத்துக்கு. 2003-இல் அதற்குத் தனி விற்பனை உரிமை கிடைத்ததும், குறைந்த விலையில் தந்துகொண்டிருந்த இந்திய நிறுவனங்கள் சில தயாரிப்பை நிறுத்த நேர்ந்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) அரசியல் சட்டத்துக்கு முரண் என்ற வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பல நோயாளிகளுக்கு அது இந்த மருந்தை இலவசமாகவே கொடுத்தது. உயிர் பிழைத்தவர்களுக்கு அது சிறிய விஷயமே அல்ல. ஆனால் இலவசம் கொடுப்பவரின் விருப்பத்தில் நிற்கிறது. கட்டுப்படியாகும் விலை நோயாளியின் கையில் நிற்கிறது. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டுமே என்ற வாதமும் நியாயமானதே. தோற்றுப்போகும் மூலக்கூறுகளே அதிகம். ஆனால் அமெரிக்காவில் இதே மருந்தின் ஆண்டுச் செலவு 2001-இல் சுமார் 30,000 டாலர், 2012-இல் 92,000 டாலர். ஆராய்ச்சி அதற்குள் முடிந்துவிட்டது. விலை மட்டும் மூன்று மடங்கானது. இந்த நோய்க்கு மருத்துவம் பார்க்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களே 2013-இல் ‘பிளட்’ இதழில் இதை எதிர்த்து எழுதினார்கள்.

காப்புரிமை உறுதியாக இருக்கும் மருந்துக்கும் சட்டத்தில் வழி உண்டு. ‘நெக்ஸாவார்’ என்ற புற்றுநோய் மருந்துக்கு மாதம் 2,80,428 ரூபாய் ஆனது. 2012 மார்ச்சில் நாட்கோ நிறுவனத்துக்கு, காப்புரிமைக்காரரின் சம்மதமின்றியே தயாரிக்க விடும் கட்டாய உரிமம் கிடைத்து, அதை மாதம் 8,880 ரூபாய்க்கு விற்க உத்தரவானது. காப்புரிமைக்காரருக்கு அதில் பங்குத்தொகையும் உண்டு. இந்தியா தந்த கட்டாய உரிமம் அது ஒன்றுதான்.

இதெல்லாம் புதிய மருந்துகளின் கதை. நம்மில் பெரும்பாலோர் சாப்பிடும் சுகர் மாத்திரைக்கும் பிபி மாத்திரைக்கும் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அங்கும் ஒரே மருந்து பெயருக்குப் பெயர் பல மடங்கு விலை வித்தியாசத்தில் கிடைக்கிறது. மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் டாக்டர், விற்பவர் கடைக்காரர், பணம் கொடுப்பவர் மட்டும் நோயாளி. அதனால் நிறுவனங்கள் டாக்டரின் பேனாவுக்கும் கடைக்காரரின் லாபத்துக்கும் போட்டி போடுகின்றன, விலையைக் குறைப்பதில் போட்டி போடுவதில்லை. ‘ஜெனரிக்’ என்று கேட்டு வாங்கினாலும் சாதாரணக் கடையில் ஏமாறலாம். கடைக்காரருக்கு மிகக் குறைவாக வரும் அட்டையிலும் எம்.ஆர்.பி. பெரிதாக அச்சாகியிருக்கும், வித்தியாசம் நோயாளிக்கு வராது.

அரசு விலையைக் கட்டுப்படுத்தவில்லையா? கட்டுப்படுத்துகிறது. 1995-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு விலை வைத்தார்கள். 2013-ஆம் ஆண்டு ஆணை அந்த அளவுகோலையே மாற்றிவிட்டது. ஒரு மருந்தின் சந்தையில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள பிராண்டுகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்தால் அதுதான் உச்சவரம்பு. ஏற்கெனவே ஏறிப்போன விலைகளின் சராசரியும் ஏறித்தான் இருக்கும். மொத்த விலைக் குறியீடு உயர்ந்தால் உச்சவரம்பும் உயரலாம்; 2023 ஏப்ரலில் 12 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. இந்த உச்சவரம்பு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான்; 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. அவற்றில் இரண்டைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கினால் அந்த உச்சவரம்பு பொருந்தாது. அதன் விலை தனியாக, அதுவும் சந்தையை வைத்தே முடிவாகும். பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்தின் விலையை ஆண்டுக்கு 10 சதவீதம் வரை கேள்வியின்றி உயர்த்தலாம்.

இதற்கு மாற்று உண்டு என்பதைத் தமிழ்நாடு 1995 முதல் காட்டிவருகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயரில் டெண்டர் விட்டு மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக வாங்குகிறது. வந்த மருந்தை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே ஜி.எச்.சுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் விடுகிறது. ‘விற்பனைக்கல்ல’ என்று அச்சிட்ட அந்த அட்டைகளை ஏழைகளின் மருந்து என்று தாழ்வாகப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சோதனை முடிந்துதான் அது நோயாளிகள் கைக்கு வருகிறது என்பது இப்படிப் பேசுகிறவர்களுக்குத் தெரியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் சுகர், பிபி மாத்திரைகளும் இந்த ஏற்பாட்டின் பலத்தில்தான் வருகின்றன.

டாக்டர்கள் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும் என்ற விதியை தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்து, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்தது. தரம் உறுதியில்லாத மருந்தை எப்படி எழுதுவது என்ற டாக்டர்களின் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. அரசு கொள்முதலில் நடக்கும் அந்தச் சோதனை கடைக்கு வரும் மருந்துக்கும் நடந்தால் அந்தக் கேள்விக்கு வலுவிருக்காது. ஆகவே தரச் சோதனைதான் முதல் வேலை, கட்டளை பிறகு.

ஆனால் விலையைக் குறைக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளின் வியாபார லாபத்துக்கு 30 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். நூற்றுக்கணக்கான பிராண்டுகளின் விலை இறங்கியது, சிலவற்றில் 90 சதவீதம் வரை. அதற்குப் புதிய சட்டம் எதுவும் இயற்றவில்லை. 2013 ஆணையின் 19-ஆம் பத்தியில் உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்துகளுக்கு அதே வரம்பை வைக்க அதே பத்தி போதும்.