சில்வியாவும் நம் பள்ளி மொட்டை மாடியும்



சில்வியா என்றதும் யாரோ ஒரு வகுப்புத் தோழி என்று எண்ணிவிடாதீர்கள். செவ்வாயின் பாதைக்கும் வியாழனின் பாதைக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள் அவள். அவளை முதலில் கண்ட ஊர் எது தெரியுமா? நம் பக்கத்துச் சென்னைதான்! 1866ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக் கூடத்தில் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் அவளைக் கண்டுபிடித்தார். சிறுகோள் வரிசையில் அவளுடைய எண் 87.

சிறுகோள்களுள் அவள் பெரியவள். சராசரிக் குறுக்களவு சுமார் 270 கிலோமீட்டர். ஆயினும் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம்கூட இல்லை. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு தள்ளி அவள் செல்கிறாள். ஒருமுறை சுற்றிவர ஆறரை ஆண்டுகள் ஆகும். பதினைந்து வயதான எனக்கு அவள் கணக்கில் இரண்டேகால் வயதுதான்! அவளுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்று இரண்டு குட்டி நிலவுகளும் உண்டு.

போக்சனுக்குப் புகைப்படக் கருவி உதவவில்லை. வானத்தின் ஒரே பகுதியை இரவுக்கு இரவு தொலைநோக்கியில் பார்த்து, விண்மீன்களுக்கிடையே இடம் மாறும் புள்ளி எதுவென்று தேடினார். ஆக, இதற்கு முதல் தேவை பொறுமை.

அந்தப் பொறுமை பெண்களுக்கு இல்லையா? போக்சனின் மகள் ஐசிஸ் 1873 முதல் 25 ஆண்டுகள் அதே கூடத்தில் கணக்கீட்டுப் பணி செய்தார். 1886இல் லண்டனில் உள்ள அரச வானியல் கழகத்தில் அவரைச் சேர்க்கும்படி தந்தை முன்மொழிந்தார். பெண் என்பதால் அது நிறைவேறவில்லை. 1920இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்த 34 ஆண்டுகளில் சில்வியா ஐந்து முறை சூரியனைச் சுற்றி வந்துவிட்டாள்!

அது அந்தக் காலம் என்கிறீர்களா? நம் வில்லியனூர், பாகூர் வீடுகளில் இருட்டிய பின் பெண்பிள்ளை வாசலில் நின்றால் என்ன கேட்கிறது? “உள்ளே வாடி!” தம்பியோ ஏரிக்கரை வரை போய் வருகிறான். கோள்களின் வரிசையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நான், வியாழனைக் கண்ணால் கண்டது சென்ற ஆண்டுதான். மின்சாரம் நின்ற ஓர் இரவில் அம்மாவுடன் மாடிக்குப் போனேன். “மினுக்காமல் நிற்கிறதே, அது என்ன?” என்று அம்மா கேட்டார்கள். நான் சொன்னதும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவர்களுக்கும் அதுதான் முதல் முறை.

பெற்றோரின் அச்சத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அச்சம் தெருவைப் பற்றியது, வானத்தைப் பற்றியதன்று. எனவே என் கருத்து இதுதான்: பருவத்துக்கு ஒருநாள், மாலை ஏழு முதல் எட்டு வரை, அருட்சகோதரிகளும் நம் அன்னையரும் உடனிருக்க, பள்ளி மொட்டை மாடியில் வானம் பார்க்க அனுமதி வேண்டும். செலவு ஒன்றுமில்லை. சில்வியா வெறுங்கண்ணுக்குத் தெரியமாட்டாள். ஆனால் செவ்வாயும் வியாழனும் தெரியும் மாதத்தில், அவள் எவற்றுக்கிடையே ஓடுகிறாள் என்று நம்மால் சுட்டிக்காட்ட முடியும்.

கண்டுபிடித்த நாள் முதல் சில்வியா 24 சுற்றுகளை முடித்துவிட்டாள். அடுத்த சுற்று முடிவதற்குள்ளாவது நம் பள்ளிப் பெண்கள் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கட்டும்!

– பத்தாம் வகுப்பு மாணவி