"எந்தத் தெரு?" என்று கேட்கும் மண்டபங்கள்

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி வடக்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புல்தரையும் கடல்காற்றும்கூட வாடகைக்குக் கிடைக்கின்றன. 2022 ஜூன் 9 அன்று நயன்தாரா - விக்னேஷ் சிவன் திருமணம் நடந்ததும் இந்தக் கடற்கரையில்தான். நம் பிள்ளைகளும் இப்போது பீச் வெட்டிங் கேட்கிறார்கள். "சேரிப் பையனுக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?" என்று நக்கலடிக்கும் முற்போக்குத் தோழர்களே, ஊர் மண்டபத்தில் அவனுக்கு இடம் கிடைத்ததா என்று முதலில் விசாரித்தீர்களா?

மண்டபம் தேடுவது எப்படி என்று எழுதுகிறவர்கள் எத்தனை நாற்காலி, ஜெனரேட்டர் உண்டா, மழை வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் எழுதுகிறார்கள். நாம் மண்டபம் தேடும் கதை வேறு. போனில் கேட்டால் தேதி காலியாக இருக்கும். ஊர்ப் பெயர் சொன்னால் "எந்தத் தெரு?" என்பார்கள். தெருவைச் சொன்னதும் அதே தேதியில் வேறு யாரோ முன்பணம் கட்டியிருப்பார்கள். இல்லையென்றால் பராமரிப்பு வேலை வந்துவிடும். அதையும் தாண்டினால் நிபந்தனைகள்: கறி சமைக்கக்கூடாது, பறை அடிக்கக்கூடாது. பேண்டு வாத்தியத்துக்குத் தடையில்லை. அது எந்தச் சாதியின் காதையும் குத்தாது போலும்.

இதற்கு அரசு கண்டுபிடித்த தீர்வு, சேரிக்குள் தனியாக ஒரு சமுதாயக் கூடம். கூடம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது எழும்பிய மறுநாளே ஊர்க்காரர்களுக்கு ஒரு பதில் கிடைத்துவிடுகிறது: "உங்களுக்குத்தான் தனி மண்டபம் இருக்கே!" தனிக்குவளையைக் குற்றம் என்று சொன்ன நாடு தனிமண்டபத்தைத் திட்டம் என்கிறது.

காசு கொடுத்தால் சாதி போய்விடும் என்று நம்புகிறவர்களுக்கு: மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானம் இலவசம்தான். அங்கேதான் 2021இல் நரிக்குறவர் பெண் ஒருவரைப் பந்தியில் உட்கார விடாமல் விரட்டினார்கள். அவர் பேசிய காணொளி நாடெங்கும் பரவியது. பிறகு அறநிலையத்துறை அமைச்சரே அங்கே போய் அவரோடு அமர்ந்து சாப்பிட்டார். காணொளி இல்லாவிட்டால் அமைச்சரும் வந்திருக்கமாட்டார். உத்தரப்பிரதேசத்தின் காஸ்கஞ்சில் ஒரு தலித் மாப்பிள்ளை, பெண் வீட்டு ஊருக்குள் ஊர்வலம் போக உயர்நீதிமன்றம் வரை நடந்தார். 2018 ஜூலையில் போலீஸ் காவலோடுதான் கல்யாணம் நடந்தது.

சட்டத்தில் ஓட்டை இருப்பதால் இதெல்லாம் நடக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தனியார் செய்யும் தீண்டாமைக்கும் பொருந்தும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் திருமண ஊர்வலத்தையும், மாப்பிள்ளை குதிரையேறுவதையும் தடுப்பதைப் பெயர் சொல்லியே குற்றம் என்கிறது. பொது இடங்களில் நுழையவிடாமல் தடுப்பதும் அதில் வருகிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 12ஆம் பிரிவை நம் மாணவர்களில் பலர் படித்திருக்கமாட்டார்கள். பட்டியல் சாதியினருக்கு எதிராக அந்தச் சட்டத்தின்படி குற்றமாகும் செயல் நடந்தால், அது தீண்டாமையால்தான் நடந்தது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று மறுதரப்புதான் நிரூபிக்க வேண்டும். மண்டபக்காரர் "சாதி பார்க்கவில்லை" என்று வாயால் சொன்னால் போதாது.

பார்ட்டி லான் எந்த மண்ணில் நிற்கிறது என்றும் கேளுங்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் பஞ்சமி நிலம் வந்தது. அதைத் தலித் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ரிசார்ட்டுகளுக்காக நிலவிலை ஏறிய இந்த வட்டாரத்தில், புல்தரையைப் பார்க்கப் போகிற நம் பிள்ளைகள் சர்வே எண்ணையும் வாங்கிவந்து பழைய பதிவேட்டோடு ஒப்பிடட்டும். இதைவிட நல்ல களப்பணி உண்டா?

மண்டபமே வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது இதே செங்கல்பட்டில்தான். 1967இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவுப்படி புரோகிதர் வேண்டாம், தீ வலம் வேண்டாம். உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலே திருமணம். சதுரங்கப்பட்டினத்து மணலிலும் அது செல்லும். டச்சுக் கோட்டைக்குள் வேண்டாம். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம், வரவேற்பு வைக்க மத்திய அரசின் எழுத்துமூல அனுமதி வேண்டும். படகு ஏற்றும் இடத்தில், வலை காயும் இடத்தில் பந்தல் போடாதீர்கள். குப்பத்து மக்களிடம் முன்பே பேசுங்கள். அது அவர்கள் பிழைப்பிடம்.

ஆனால் கடற்கரைக்குப் போவது விருப்பத்தால் இருக்கட்டும், விரட்டப்பட்டதால் வேண்டாம். ஆகவே முதலில் ஊர் மண்டபத்தில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேதி, நேரம், பேசியவர் பெயர் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே தெருப்பெயர் சொல்லாமல் வேறொரு தோழரை அதே தேதிக்குக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பதில்களையும் சேர்த்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு நகல் கலெக்டருக்குப் போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். செங்கல்பட்டில் அது கடைசியாக எப்போது கூடியது என்று ஒரு தகவல் உரிமை மனுவும் போட்டுவிடுங்கள்.