பழைய சீட்டுக்கே முதல் அழைப்பு

கரோனாவால் நிறுத்தி வைக்கப்பட்ட வழக்கமான அறுவை சிகிச்சைகள் 2020-இல் அரசு மருத்துவமனைகளில் மெல்லத் தொடங்கின. அந்த ஆண்டு செப்டம்பர் 7 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்தும் ஓடத் தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் முதலில் யாரை அழைப்பார்கள் என்பதே நம் கேள்வி.

அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் அறிவுறுத்தியது. படுக்கைகளும் மருத்துவர்களும் கரோனா வார்டுக்குத் தேவைப்பட்ட நேரம் அது. குறை சொல்ல முடியாது. ஆனால் 'அவசரமில்லை' என்ற சொல் எல்லோருக்கும் ஒன்றல்ல. கண்புரையோடு ஆறு மாதம் காத்திருப்பது ஓய்வூதியம் வாங்குபவருக்குச் சிரமம். பயிர் எது களை எது என்று தெரியாத கூலிப் பெண்ணுக்கோ வேலையே போய்விடுகிறது. புரை முற்றினால் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையே பறிபோகலாம். மூட்டை தூக்குபவரின் குடலிறக்கம் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

நாம் சென்ற காலனி ஒன்றில், கருப்பை இறக்கத்துக்காக ஏப்ரலில் வரச்சொன்ன சீட்டை ஒரு தாய் மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார். "எப்ப கூப்பிடுவாங்க, தம்பி?" என்று கேட்டார். சீட்டில் எழுதியிருந்தது, பணம் கட்டாமல் நின்றுபோன மகனின் கைப்பேசி எண். அழைத்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

மருத்துவமனைகளின் சிரமமும் நமக்குப் புரிகிறது. மயக்கம் கொடுக்கத் தொண்டையில் குழாய் செலுத்தும்போது கிருமி பரவலாம் என்பதால் முன்கூட்டியே பரிசோதனை தேவைப்பட்டது. ஒவ்வோர் அறுவைக்குப் பின்னும் அரங்கைச் சுத்தம் செய்யக் கூடுதல் நேரம் ஆனது. கல்லூரிகள் மூடிக் கிடந்ததால் ரத்ததான முகாம்களும் குறைந்திருந்தன. முன்புபோல் ஒரே நாளில் பலருக்குச் செய்ய முடியவில்லை.

இடம் குறையும்போதுதான் சிபாரிசு முந்துகிறது. வண்டியும் தெரிந்த ஆளும் உள்ளவர் புதுச் சீட்டோடு உள்ளே போவார். பேருந்து நிற்காத காலனிக்காரர் பழைய சீட்டோடு வெளியே நிற்பார். பரிசோதனைக்கு ஒருமுறை, அறுவைக்கு ஒருமுறை என்று அலைந்தால் துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. நூறு நாள் வேலைக்கு 2020-இல் அரசு அறிவித்த கூலியே 256 ரூபாய்தான். அது ஆட்டோவுக்குக்கூடப் போதவில்லை. பரிசோதனை என்றாலே தெருவைத் தகரத்தால் அடைத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு இருந்தது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட தெருவுக்கு அது இன்னொரு தீட்டு.

எனவே நாம் கேட்பது இவைதான். மார்ச்சிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவர்களின் பட்டியலை, நோயின் கடுமையையும் பதிந்த தேதியையும் பார்த்து வரிசைப்படுத்தி, மருத்துவமனை வாசலில் ஒட்ட வேண்டும். கைப்பேசியில் கிடைக்காதவருக்குக் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிச் சொல்ல வேண்டும். பரிசோதனை மாதிரியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்க வேண்டும். அரங்கைக் கழுவும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் பலரும் நம் தெருக்களிலிருந்து போகிறவர்கள். மருத்துவருக்குத் தரும் அதே பாதுகாப்பை அவர்களுக்கும் தர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவில் பழைய சீட்டு வைத்திருப்பவர்களின் பெயர், தேதி, இப்போது பேசக் கிடைக்கும் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இந்த வாரமே சுகாதார நிலையத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை நீங்களும் வைத்திருங்கள். மஞ்சள் பையோடு காத்திருக்கும் அந்தத் தாயைப் போன்றவர்கள் நம் தெருவிலும் இருப்பார்கள்.