இரண்டாவது குட்டி

புனேயிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் பல்டண். அங்குள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம், வங்காளத்து கரோல் ஆட்டின் இரட்டைக்குட்டி மரபணுவைத் தக்காணிச் செம்மறியில் சேர்த்து 'நாரி சுவர்ணா' இனத்தை உருவாக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் இரட்டையில் இளைத்தது பெரும்பாலும் காம்பைப் பிடிக்கத் தெரியாமல் தள்ளாடும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலே குட்டிக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் போகிறது. அந்தக் கதவும் ஒரு நாளுக்குள் அடைபட்டுவிடும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் ஓரிரு மணி நேரத்தில் நூறு மில்லி இறங்கியாக வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள்: சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்ற வேண்டும், பிறகே பால். காம்பு நுனியின் அடைப்பைப் பீய்ச்சி எடுத்து, குட்டியை நிற்க வைத்தே ஊட்ட வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். மந்தையோடு நடக்கும் தன்கர் இடையர் குடும்பத்தில் இதற்கெல்லாம் கை எங்கே இருக்கிறது? இரட்டைக்குட்டி ஆடு கொடுக்கும் எந்தத் திட்டமும் கூடவே இளைத்த குட்டிக்குப் பாலூட்ட இரண்டு கறவை வெள்ளாடும் ஒரு ரப்பர் காம்பு புட்டியும் கொடுக்கட்டும். பிறந்த குட்டிகளை எண்ணுவதை விட்டு, பால்குடி மறந்த குட்டிகளை எண்ணினால் கணக்கு சரியாக வரும்.