கப்பல் மூழ்கினால் கேப்டன் கைது: மாஸ்டர் மரைனர் சங்கங்கள் யாருக்காக?

தமிழ்நாட்டில் ‘கேப்டன்’ என்றால் முதலில் விஜயகாந்த், அடுத்து தோனி. கப்பல் ஓட்டுகிற கேப்டன் நினைவுக்கு வருவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அவர் செய்தியில் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு சமயத்தில்தான். கப்பல் மூழ்கியிருக்கும், அல்லது எண்ணெய் கசிந்திருக்கும், அவர் மேல் வழக்கு பாய்ந்திருக்கும்.

2025 மே மாதம் கொச்சிக்கு அருகே நடந்ததும் இதுதான். 640 கன்டெய்னர்களோடு வந்த எம்.எஸ்.சி. எல்சா 3 சரிந்து, மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் மீட்கப்பட்டார்கள். கப்பலைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்க கேப்டனும் இரண்டு இன்ஜினியர்களும் இரவு முழுக்க அதிலேயே இருந்தார்கள். அந்த மூவரையும் மறுநாள் காலையில் கடற்படைதான் கடைசியாக இறக்கியது. அடுத்த மாதமே கேரளக் கடலோரப் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. எஃப்.ஐ.ஆரில் கப்பல் நிறுவனத்தோடு கேப்டனும் இருந்தார்.

கரை ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணைகளைப் பார்த்த மீனவர்களின் கோபம் நியாயமானது. அதில் இரண்டு கருத்து கிடையாது. கேள்வி வேறு. அந்நிய நாட்டில், தெரியாத மொழியில், பாஸ்போர்ட் கையில் இல்லாமல் நிற்கும் அந்த மனிதருக்காக யார் பேசுவது?

அதற்கென்றே சில அமைப்புகள் இருக்கின்றன, பெயரளவிலாவது. அவைதான் கப்பல் கேப்டன்களின் தொழில்முறைச் சங்கங்கள்.

என்ன சங்கம் இது?

இந்தியாவில் ‘கம்பெனி ஆஃப் மாஸ்டர் மரைனர்ஸ் ஆஃப் இந்தியா’. பெயரில் கம்பெனி என்று இருந்தாலும் வியாபாரம் எதுவும் இல்லை. 1957-ல் தொடங்கிய இதற்குத் தலைமையிடம் மும்பை, சென்னையிலும் கிளை உண்டு. கப்பலைத் தலைமையேற்று நடத்தத் தகுதிச் சான்றிதழ் வாங்கியவர்களைத்தான் ‘மாஸ்டர் மரைனர்’ என்பார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி பிரிட்டனின் ‘ஹானரபிள் கம்பெனி ஆஃப் மாஸ்டர் மரைனர்ஸ்’, 1926-ல் உருவானது. இவர்களுக்கு லண்டனில் அலுவலகம் இருந்த இடம் சுவாரஸ்யமானது. தேம்ஸ் நதியில் நிறுத்திவைத்த வெலிங்டன் என்ற பழைய போர்க்கப்பலில்தான் 1948 முதல் இருந்தார்கள். பராமரிப்புச் சிக்கலால் 2023-ல் அதைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. கேப்டன்களின் சங்கமே கப்பலை விட்டு இறங்கியது என்று கிண்டல் செய்யலாம். ஆனால் இந்த வகைச் சங்கங்கள் எல்லாமே இன்று எங்கே நிற்கின்றன என்பதற்கு அது ஒரு படம் மாதிரி.

பல நாட்டுச் சங்கங்களும் சேர்ந்த சர்வதேசக் கூட்டமைப்பு இஃப்ஸ்மா, 1974-ல் தொடங்கியது. ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வில் கேப்டன்களின் குரலாக உட்கார்ந்திருப்பது இதுதான்.

சரி, தொழிற்சங்கம்தான் இருக்கிறதே? இருக்கிறது. இந்திய அதிகாரிகளுக்கான மாரிடைம் யூனியன் 1939-லிருந்தே இயங்குகிறது. சம்பளம், ஒப்பந்தம், விடுப்பு எல்லாம் அவர்கள் பக்கம். ஆனால் கேப்டனின் நிலைமை கொஞ்சம் விசித்திரம். கப்பலில் கம்பெனியின் பிரதிநிதி அவர்தான், மாதச் சம்பளம் வாங்குபவரும் அவர்தான். பாதி முதலாளி, பாதி தொழிலாளி. பிரச்சினை வந்தால் இரண்டு பக்கமும் அவரை எதிர்ப்பக்கமாகவே பார்க்கும்.

சட்டமும் அவரை அப்படித்தான் வைத்திருக்கிறது. கப்பலின் பாதுகாப்பு, கடல் மாசு விஷயத்தில் இறுதி முடிவு கேப்டனுடையது, உரிமையாளர்கூட அதில் தலையிடக் கூடாது என்று சர்வதேச விதிகள் சொல்கின்றன. படிக்க கம்பீரமாக இருக்கும். நீதிமன்றத்தில் அதே வரியைத் திருப்பிப் போட்டுப் படிப்பார்கள்: முடிவு உன்னுடையது, அப்போ குற்றமும் உன்னுடையது.

நங்கூரம் போட்டு நின்ற கப்பலின் கதை

சங்கம் என்று ஒன்று எதற்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஹெபெய் ஸ்பிரிட் வழக்கு.

2007 டிசம்பர் 7. தென்கொரியாவின் தேயான் கடற்கரைக்கு அப்பால், ஹாங்காங் கொடியுடன் ஹெபெய் ஸ்பிரிட் என்ற பெரிய எண்ணெய்க் கப்பல் நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது. கேப்டன் ஜஸ்பிரித் சாவ்லா, சீஃப் ஆபீசர் சியாம் சேத்தன், இருவரும் இந்தியர்கள். மோசமான வானிலையில், சாம்சங் குழுமத்துக்குச் சொந்தமான கிரேன் பார்ஜ் ஒன்றை இழுவைக் கப்பல்கள் இழுத்து வந்தன. இழுவைக் கம்பி அறுந்தது. அலைந்து வந்த பார்ஜ், நின்றுகொண்டிருந்த கப்பலில் மோதித் துளை போட்டது. 10,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. கொரியா அதற்கு முன் பார்த்திராத எண்ணெய்க் கசிவு.

பார்க்கிங்கில் நிறுத்தியிருந்த கார் மீது லாரி வந்து மோதியது போலத்தான். ஆனால் கார்க்காரரையும் பிடித்து வைத்தார்கள். 2008 ஜூனில் கீழ் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது: சாவ்லாவுக்கு 18 மாதம், சேத்தனுக்கு 8 மாதம் சிறை. நங்கூரத்தை இழுத்துக்கொண்டாவது கப்பலைப் பின்னால் எடுத்திருக்க வேண்டாமா என்கிற ரீதியில் போன வாதங்களைப் படித்துவிட்டு உலகம் முழுக்க கேப்டன்கள் கொதித்துப் போனார்கள்.

அதன் பிறகுதான் சங்கங்கள் என்ன செய்ய முடியும் என்பது தெரிந்தது. மும்பையிலும் லண்டனிலும் போராட்டம். கேப்டன்களின் அமைப்புகள், மாலுமிகளின் யூனியன்கள், கப்பல் உரிமையாளர்களின் அமைப்புகள் என்று சாதாரணமாக ஒரே மேசையில் உட்காராதவர்கள் ஒரே குரலில் பேசினார்கள். சாம்சங் பொருட்களைப் புறக்கணிப்போம் என்றுகூட குரல் எழுந்தது. 2009 ஏப்ரலில் கொரிய உச்ச நீதிமன்றம் சிறைத் தண்டனையை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஜூனில் இருவரும் நாடு திரும்பினார்கள். நடுவில் போனது ஒன்றரை வருடம்.

போராட்டத்தால்தான் தீர்ப்பு மாறியது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு பெயர்கள் அத்தனை மாதமும் மறக்கப்படாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

எல்லோருக்கும் அது நடப்பதில்லை

பிரெஸ்டீஜ் கப்பலின் கேப்டன் அபோஸ்டோலோஸ் மங்கூரஸுக்கு 2002 நவம்பரில் வயது 67. சேதமடைந்த கப்பலுக்கு ஒதுங்க இடம் கேட்டார். ஸ்பெயின் அதைக் கடலுக்குள் தள்ளிப் போகச் சொன்னது. கப்பல் இரண்டாக உடைந்தது. அவர் 83 நாள் சிறையில் இருந்தார். ஜாமீன் தொகை 30 லட்சம் யூரோ. அது அதிகம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2010-ல் வழக்கு தோற்றது. 2013-ல் சுற்றுச்சூழல் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டவருக்கு, 2016-ல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் இரண்டு ஆண்டு தண்டனை விதித்தது. அப்போது அவர் 80-ஐத் தாண்டியவர்.

நமக்குப் பக்கத்திலேயே எக்ஸ்பிரஸ் பேர்ல் இருக்கிறது. நைட்ரிக் அமிலம் கசிந்த ஒரு கன்டெய்னரை இறக்க கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் வசதி இல்லை என்று பதில். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே கப்பல் எரிந்து, ஜூனில் மூழ்கியது. இலங்கைக் கடற்கரைக்கு அது செய்த சேதம் மிகப் பெரியது; 100 கோடி டாலர் இழப்பீடு தர 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ரஷ்யரான கேப்டனோ கைதாகி ஜாமீனில் வந்தபின், நான்கு ஆண்டுகள் கடந்தும் நாட்டை விட்டு வெளியேற அனுமதியின்றி இருந்தார். தீர்ப்புச் செய்திகளில் அவருக்குக் கிடைத்த இடம் ஓரிரு வரிகள்.

கேப்டன் எப்போதும் அப்பாவியா?

இல்லவே இல்லை. சங்கங்கள் சறுக்குவதும் இங்கேதான்.

2020 ஜூலையில் மொரீஷியஸ் பவளப்பாறையில் ஏறிய வகாஷியோ கப்பலின் கேப்டன் இந்தியர், ஃபர்ஸ்ட் ஆபீசர் இலங்கையர். கப்பல் கரைக்கு அவ்வளவு அருகே போனதன் காரணம் புயலோ இயந்திரக் கோளாறோ அல்ல, மொபைல் சிக்னல். பணியாளர்கள் வீட்டுக்குப் பேசுவதற்காக. சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2021 டிசம்பரில் 20 மாதத் தண்டனை. ஏற்கெனவே சிறையில் கழித்த காலத்தைக் கணக்கிட்டு விடுவித்தார்கள்.

இந்த வழக்கை ஹெபெய் ஸ்பிரிட்டோடு ஒரே தட்டில் வைத்து ‘கேப்டன்களைக் குற்றவாளிகளாக்காதீர்கள்’ என்று அறிக்கை விட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். டாக்டர்கள் சங்கமோ வக்கீல்கள் சங்கமோ தங்கள் ஆட்களைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்றும்போது வரும் அதே எரிச்சல்தான் வரும். தவறு செய்தவருக்கும் நியாயமான விசாரணை வேண்டும் என்பது ஒரு நிலைப்பாடு. எங்கள் ஆள் தவறே செய்ய மாட்டார் என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பேசத் தெரிந்த சங்கத்துக்குத்தான் நீதிமன்றத்திலும் மரியாதை கிடைக்கும். மாதக்கணக்கில் கடலில் இருப்பவர்கள் ஏன் சிக்னல் தேடிக் கரைப்பக்கம் போகிறார்கள் என்று கேட்க வேண்டியதும் தொழில் தெரிந்த இவர்கள்தான்.

கம்பெனி வக்கீல் போதாதா?

இளம் அதிகாரிகள் பலரும் கேட்கக்கூடிய கேள்வி. விபத்து நடந்ததும் கப்பல் உரிமையாளரின் காப்பீட்டு அமைப்பு வக்கீலை அனுப்பிவிடும். உண்மைதான். ஆனால் அந்த வக்கீலுக்குக் கட்டணம் வருவது உரிமையாளர் தரப்பிலிருந்து. ‘பராமரிப்புக்குக் கம்பெனி காசு தரவில்லை, மூன்று முறை மெயில் போட்டேன்’ என்று கேப்டன் சொல்ல நினைத்தால், அந்த இடத்தில் இருவரின் நலனும் பிரிந்துவிடும். தனக்கென்று ஒரு வக்கீல் தேவைப்படுவது அந்த நிமிடத்தில்தான். அதற்கு முன் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பிரிட்டனின் நாட்டிலஸ் போன்ற யூனியன்கள் சட்ட உதவியும், சான்றிதழ் பறிபோனால் வருமானப் பாதுகாப்பும் தருகின்றன. எந்தத் துறைமுகத்தில் சிக்கினாலும் உறுப்பினருக்கு அங்குள்ள தோழமைச் சங்கம் உதவும் வலைப்பின்னலும் வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கம் சங்கம் என்றால் இளைஞர்கள் மனதில் வருவது ஏப்ரல் 5 தேசிய கடல்சார் தின விழா, கருத்தரங்கு, டின்னர், ஓய்வுபெற்ற பெரியவர்களின் பழங்கதை. பழங்கதை மோசமில்லை, அனுபவம் கைமாறுவது அப்படித்தான். ஆனால் 30 வயதில் கேப்டனாகி, ஆறு மாதம் கடலிலும் மிச்ச நாள் அடுத்த கான்ட்ராக்டுக்கான பேப்பர் வேலையிலும் இருப்பவருக்கு அந்த மாலைக் கூட்டத்தில் என்ன இருக்கிறது? சம்பளம், ஏஜென்ட், தேர்வு பற்றிய சந்தேகம் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. வாட்ஸ்அப் குரூப்பால் முடியாதது ஒன்றுதான்: நீதிமன்றத்தில் லெட்டர்ஹெட்டோடு போய் ‘நங்கூரம் போட்ட கப்பல் இப்படித்தான் நடந்துகொள்ளும்’ என்று நிபுணராகச் சொல்வது.

அதனால் இந்தச் சங்கங்கள் முதலில் வாசலை அகலப்படுத்த வேண்டும். சியாம் சேத்தன் கேப்டன் இல்லை, சீஃப் ஆபீசர். வகாஷியோவில் மாட்டிய இன்னொருவரும் அப்படியே. கேப்டன் சான்றிதழுக்காகக் காத்திருக்காமல் உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்திலும் ஈ.சி.ஆர். ஓரத்துக் கல்லூரிகளிலும் படிக்கும்போதே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? விழாச் செலவில் ஒரு பங்கை சட்ட நிதிக்கு ஒதுக்கலாம். இரவு இரண்டு மணிக்கும் எடுக்கப்படும் ஒரு போன் நம்பர் போதும், பாதி வேலை முடிந்தது.

வேலைக்கு இதைவிடச் சரியான நேரமும் இல்லை. விபத்துக்குப் பிறகு மாலுமிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2006-லேயே ஐ.எம்.ஓ.வும் ஐ.எல்.ஓ.வும் சேர்ந்து வழிகாட்டுதல் வெளியிட்டன. குற்றச்சாட்டின் பேரில் பிடித்து வைக்கப்படும் மாலுமிகளுக்காக 2025-ல் இன்னொன்று வந்திருக்கிறது. வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர், தூதரகத் தொடர்பு என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் வழிகாட்டுதல் சட்டமல்ல. எந்த அரசையும் அது கட்டாயப்படுத்தாது. யாராவது அதைத் தமிழிலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் நான்கு பக்கமாகச் சுருக்கி, கடலோரக் காவல் நிலையத்தில் இன்று டியூட்டியில் இருக்கும் எஸ்.ஐ.யின் மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். சென்னை, கொச்சி, தூத்துக்குடி என்று ஓய்வுபெற்ற கேப்டன்கள் வசிக்கும் ஊர்கள் எல்லாவற்றிலும் அந்த ஸ்டேஷன் ஒரு ஆட்டோ தூரத்தில்தான் இருக்கிறது.