வாடகை கொடுப்பவனையும் கூப்பிடுங்கள்!



டிப்ளமோ கைக்கு வந்த மறுமாதமே நம்மில் பாதிப் பேர் அம்பத்தூர், கிண்டி, ஒரகடம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைப் பக்கம் கிளம்பப் போகிறோம். வேலை எப்படியாவது கிடைத்துவிடும். வீடு? அங்கேதான் இருக்கிறது சங்கதி! "பேச்சிலரா? ஃபேமிலிக்குத்தான் விடறோம் தம்பி" என்ற பதில் நம் சீனியர்களுக்கு மனப்பாடம். தப்பித்தவறி வீடு அமைந்தாலும் பத்து மாத அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, கரண்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதே ரேட். மாதம் 12,000 ரூபாய் வாடகை என்று வையுங்கள். முதல் மாத வாடகையும் சேர்த்தால், சாவி கைக்கு வருமுன்னே 1,44,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். டிரெய்னியாகச் சேர்கிறவன் எங்கே போவான்?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1960-ஆம் வருடச் சட்டத்தில் நியாய வாடகையை நிர்ணயிக்க ரெண்ட் கண்ட்ரோலர் என்றே ஓர் அதிகாரி இருந்தார். ஆனால் அப்பா போட்ட கேஸை மகன் நடத்துகிற கதையாகிப் போனதால், வாடகைக்கு விடவே பயந்து வீட்டைப் பூட்டிப் போட்டவர்கள் ஏராளம். 2011 சென்சஸில் இந்திய நகரங்களில் சுமார் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன என்றால் பாருங்களேன்! பிறகு 2017-இல் தமிழக அரசு புதுச் சட்டம் கொண்டு வந்தது. 2019 பிப்ரவரியில் அது அமலானது. வாடகையை இருவரும் பேசி, எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 'வேறுவிதமாகச் சொல்லாதவரை' — அந்த ஓட்டை போதாதா? ராத்திரி படுக்க இடமில்லாதவன் எந்தக் காகிதத்தில்தான் கையெழுத்துப் போடமாட்டான்!

அதற்காக வீட்டுக்காரர்களை எல்லாம் வில்லனாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. பெரம்பூரிலும் மாம்பலத்திலும் மாடி போர்ஷனை விட்டு, அந்த வாடகையில் மருந்து வாங்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! குடிவந்தவன் காலி செய்யாமல் இழுத்தடித்தால் கோர்ட்டுக்கு அலைய அவர்களுக்குத் தெம்பு ஏது? அந்தப் பயம்தான் பத்து மாத அட்வான்ஸாக நம் தலையில் விடிகிறது. அவர்களையும் உட்கார வைத்துப் பேசினால் பாதி முடிச்சு அவிழும் என்றே தோன்றுகிறது.

ஆனால் பேச யாரைக் கூப்பிடுகிறார்கள்? 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. வீட்டின் பரப்பையும் இடத்தையும் பொறுத்து 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை. "வரி ஏறிடுச்சுப்பா" என்ற ஒரே வார்த்தையில் அந்தப் பாரம் வாடகையில் வந்து உட்கார்ந்தது. கட்டியது குடித்தனக்காரர். அவரை யார் கேட்டார்கள்? அதே 2022-இல் வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று விதிகள் வந்தன. சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டுகள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஆளுக்கு ஓட்டு சொந்த ஊரில். குடியிருப்போர் நலச் சங்கத்தில் இருப்பவர்களோ பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். கூட்டமும் அவன் ஷிஃப்டில் இருக்கும் நேரம் பார்த்து நடக்கும்.

ஏரியா சபை நோட்டீஸைத் திருவல்லிக்கேணி மேன்ஷன் வாசலிலும், மெஸ்ஸிலும், டீக்கடையிலும் ஒட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் வைக்கட்டும். ஓட்டு எங்கே இருந்தாலும் சரி, வாடகை ரசீது காட்டுகிறவனைப் பேச விடட்டும். பதிவான ஒப்பந்தங்களிலிருந்து, பெயரை விட்டுவிட்டு, வார்டுவாரியாக வாடகை நிலவரத்தை வெளியிட்டால் புரோக்கர் சொல்வதே வேதவாக்கு என்ற நிலை மாறும். பேசிய பிறகு எதை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லியாக வேண்டும். இல்லையேல் போண்டா, டீயோடு கதை முடிந்துவிடும்.

ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் கம்பெனிகளையும் விட்டுவிடக் கூடாது. அவர்கள் வந்த பிறகுதானே சுற்றுவட்டாரத்தில் வாடகை எகிறுகிறது! 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் திறந்தது. இது முடிகிற காரியம்தான் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

நம் யூனியனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடந்த மூன்று வருடங்களில் படித்துப் போன சீனியர்களுக்கு எழுதி ஐந்தே கேள்வி கேட்போம். எந்த ஏரியா, ஒரு ரூமில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, ஒப்பந்தம் பதிந்தார்களா? வருகிற பதில்களை வார்டுவாரியாகப் பிரித்து அந்தந்தக் கவுன்சிலர் கையில் கொடுப்போம். சீனியர் பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் பெயர் கண்டிப்பாக வேண்டாம். அவன் அடுத்த மாதமும் அங்கேதானே குடியிருக்க வேண்டும்!